வடசென்னையில் வீட்டுத் தோட்டத்துக்கு ஆள் வைக்கிறீர்களா? தண்ணீர், மண், கூலி, கணக்கு

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் வீடு. வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே 200 சதுர அடி மண்தரை சும்மா கிடந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, தெருமுனை தாண்டி நடப்பதே கஷ்டம் என்றானபோது, திண்ணையில் உட்கார்ந்தபடி பார்க்கப் பச்சையாக ஏதாவது இருக்கட்டும் என்று தோட்டம் போட முடிவு செய்தோம். ஒரு லேண்ட்ஸ்கேப் ஒப்பந்தக்காரரிடம் 78,000 ரூபாய்க்குப் பேசி, வேலை முடிவதற்குள்ளேயே 60,000 கொடுத்துவிட்டேன். மூன்று மாதத்தில் ரோஜா, எலுமிச்சை, குரோட்டன்ஸ் எல்லாம் ஓரம் கருகி உதிர்ந்தன. புல் திட்டுத்திட்டாகப் பழுத்தது. போன் செய்தால் எடுக்கவில்லை.

அதன்பிறகு அதே இடத்தில், அதே தண்ணீரை வைத்துக்கொண்டு, 25,800 ரூபாயில் நல்ல தோட்டம் அமைந்தது. நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். விலைகள் எல்லாம் சென்ற ஆண்டு நான் கொடுத்தவை, அல்லது என்னிடம் கேட்கப்பட்டவை. உங்கள் பகுதியில் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம்.

1. ஆளைக் கூப்பிடும் முன் தண்ணீரைப் பாருங்கள்

வடசென்னையில் தோட்டம் நிலைக்குமா நிலைக்காதா என்பது தண்ணீரில்தான் இருக்கிறது. எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று கடலை ஒட்டிய பகுதிகளில் நிறைய போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்திருப்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். ஆனால் தோட்டம் போட்டுத் தர வருபவர்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. மற்ற இடங்களில் போட்ட அதே செடிப் பட்டியலை இங்கேயும் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள்.

என் செடிகள் செத்ததற்குக் காரணத்தைச் சொன்னவர் எழுபதை நெருங்கும் ஒரு தோட்டக்காரர். பக்கத்துத் தெருவில் வேலை முடித்துப் போனவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். செடியை அவர் தொடவே இல்லை. நேராகப் போர் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "இந்தத் தண்ணியிலயாம்மா ரோஜா வெச்சாங்க?" என்றார். அப்புறம் தொட்டியின் விளிம்பில் படிந்திருந்த வெள்ளைப் பொடியை நகத்தால் சுரண்டி என் கையில் வைத்தார். அதைச் சுண்ணாம்பு என்று நினைத்துத்தான் நான் வாரத்துக்கு ஒருமுறை துடைத்துக்கொண்டிருந்தேன். அது உப்பு.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாங்குங்கள், 200 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கும். போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், சம்ப் தண்ணீர் மூன்றையும் தனித்தனி டம்ளரில் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். மீட்டர் காட்டும் எண் (பி.பி.எம்.) 450-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, எந்தச் செடியும் வைக்கலாம். 450 முதல் 2,000 வரை என்றால் செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2,000-க்கு மேல் போனால் உப்புத் தாங்கும் செடிகள் மட்டுமே. எங்கள் போர் 2,350 காட்டியது. மே மாதம் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் அளப்பது நல்லது, ஏனென்றால் கோடையில் எண் ஏறும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகத்தானே போகிறது, செடிக்கு ஊற்றுங்கள்" என்று பலரும் சொல்வார்கள். போர் தண்ணீரை ஆர்.ஓ.-வில் விட்டால், வடிந்த உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் சேர்கிறது. போர் தண்ணீரைவிட அது மோசம். பாத்ரூம் கழுவப் பயன்படுத்துங்கள், செடிக்கு வேண்டாம்.

மெட்ரோ தண்ணீர் குறைவாக வரும் வீடு என்றால், தினமும் போர் தண்ணீர், வாரத்துக்கு ஒருநாள் மட்டும் மெட்ரோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒருநாள் தொட்டியின் அடித்துளை வழியாக வழியும்வரை ஊற்ற வேண்டும். தங்கிய உப்பு அதில் கழுவிப் போகும். பெரியவர் சொன்ன இந்த ஒரு பழக்கத்தால் என் செம்பருத்தி பிழைத்தது.

2. இடத்தை அளந்து, வெயிலைக் குறித்துக்கொள்ளுங்கள்

நீளம், அகலம், எங்கே குழாய், எங்கே சம்ப் மூடி, எங்கே கழிவுநீர்த் தொட்டி, எங்கே மின்சார வயர் என்று ஒரு தாளில் வரையுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, எங்கெங்கே வெயில் விழுகிறது என்று குறியுங்கள்.

நம் பக்கம் வீடுகள் நெருக்கம். பக்கத்தில் இரண்டு மாடி எழும்பினால் தரையில் மூன்று மணி நேர வெயிலே மிஞ்சும். புல்தரைக்குக் குறைந்தது 5, 6 மணி நேர வெயில் வேண்டும். என் புல் கெட்டதற்கு உப்பு மட்டும் காரணம் இல்லை, மதில் நிழலும் ஒரு காரணம். இந்த அளவைச் சொன்ன பிறகும் "புல் போட்டால்தான் சார் லுக்" என்று வற்புறுத்துபவரை விட்டுவிடுங்கள்.

புல்லுக்குத் தண்ணீரும் நிறைய வேண்டும். கோடையில் 100 சதுர அடிப் புல்லுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 லிட்டர், அதாவது மூன்று, நான்கு பக்கெட். லாரித் தண்ணீர் வாங்கும் வீடாக இருந்தால் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள். புல் வேண்டும் என்றே ஆசை என்றால், நம்ம ஊர் அருகம்புல் உப்பையும் மிதியையும் நன்றாகத் தாங்கும்.

3. உங்களுக்கு யார் தேவை?

தோட்ட வேலைக்கு வருபவர்கள் மூன்று விதம். இதைப் பிரித்துப் பார்க்காமல் போனதுதான் என் பெரிய தப்பு.

முதலாவது, லேண்ட்ஸ்கேப் செய்பவர்கள். வரைபடம், கல் பதிப்பு, செயற்கை நீரூற்று, விளக்கு, புல் எல்லாம் சேர்த்து முழு ஒப்பந்தமாக எடுப்பார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். என்னிடம் மூன்று பேர் முறையே 140, 220, 310 ரூபாய் என்றார்கள். ஒரே இடத்துக்குத்தான் இந்த மூன்று விலையும். 1,000 சதுர அடிக்கு மேல் இடம் இருந்தாலோ, தரையை உயர்த்தி வடிகால் போட வேண்டியிருந்தாலோ இவர்கள் தேவை. அரை கிரவுண்ட் வீட்டின் வாசலுக்கு வேண்டியதில்லை.

இரண்டாவது, நர்சரிக்காரர்கள். செடி வாங்கினால் நட்டுத் தர ஆள் அனுப்புவார்கள். சின்ன இடத்துக்கு இது வசதி. ஆனால் தங்களிடம் தேங்கிக் கிடக்கும் செடிகளைத்தான் முதலில் தள்ளப் பார்ப்பார்கள், கவனம்.

மூன்றாவது, தனியாக வேலை செய்யும் தோட்டக்காரர்கள். நாள் கூலிக்கோ மாதச் சம்பளத்துக்கோ வருவார்கள். முழு நாளுக்கு 800 முதல் 1,000 ரூபாய், அரை நாளுக்கு 500 முதல் 700. களைக்கொத்து, கிளை வெட்டும் கவாத்துக் கத்தரி அவர்களிடமே இருக்கும். கடப்பாரை, மண்வெட்டி, மண் அள்ளும் பாண்டு நம்மிடம் இருந்தால் வேலை வேகமாக நடக்கும்.

4. ஆளை எங்கே தேடுவது, என்ன கேட்பது

ஆன்லைனில் தேடினால் விளம்பரம் கொடுத்தவர்தான் முதலில் வருவார். நான் முதல்முறை ஏமாந்தது அப்படித்தான். இரண்டாம் முறை மாதவரம், செங்குன்றம் சாலையோர நர்சரிகளில் நேரில் போய் விசாரித்தேன். அதைவிட நல்ல வழி, உங்கள் தெருவிலேயே செழிப்பாகத் தோட்டம் இருக்கும் வீட்டின் கதவைத் தட்டுவது. அந்த வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் தண்ணீர் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தத் தண்ணீரில் செடி வளர்த்துக் காட்டியவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். பெரம்பூர், கொளத்தூர் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்கள் குடியிருப்போர் சங்கத்திடம் கேட்டால், ஏற்கெனவே வந்து போகும் தோட்டக்காரரைக் காட்டுவார்கள்.

வந்தவரிடம் நான் கேட்கும் கேள்விகள் இவை. இந்தத் தண்ணீருக்கு என்ன செடி வைப்பீர்கள்? ஆறு மாதத்துக்கு முன் நீங்கள் போட்ட தோட்டம் ஒன்றைக் காட்ட முடியுமா? செடி பட்டுப்போனால் யார் பொறுப்பு? பூச்சிக்கு என்ன அடிப்பீர்கள்?

இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். போன வாரம் போட்ட தோட்டம் யாருடையதாக இருந்தாலும் அழகாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவை நம்பாதீர்கள். ஆறு மாதம் கழிந்த தோட்டத்தை நேரில் போய்ப் பாருங்கள்.

நல்லவர் என்றால் அவரும் உங்களைக் கேள்வி கேட்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வெயில் எத்தனை மணி வரை, மழைக்குத் தண்ணீர் தேங்குமா, வீட்டில் யார் தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்காமல் நேராக விலைக்கு வருபவரை வைக்க வேண்டாம்.

5. மதிப்பீட்டை ஒரே தொகையாக வாங்காதீர்கள்

"எல்லாம் சேர்த்து 78,000" என்ற ஒற்றை எண்ணில் நான் விழுந்தேன். இப்போது கேட்பதென்றால் மண், உரம், செடி, தொட்டி, கூலி, வண்டி வாடகை என்று ஆறாகப் பிரித்துத்தான் எழுதி வாங்குவேன். செடி என்றால் பெயர், எண்ணிக்கை, உயரம், எத்தனை அங்குலப் பை என்றும் இருக்க வேண்டும். "அலங்காரச் செடிகள் 40" என்று மட்டும் எழுதினால், 20 ரூபாய்ச் செடியும் அதில் அடங்கும், 200 ரூபாய்ச் செடியும் அடங்கும்.

இரண்டாம் முறை எனக்கு ஆன செலவைப் பிரித்துச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பழைய புல்லையும் இடிபாட்டையும் அள்ள 2 பேருக்கு ஒரு நாள் 1,800. செம்மண் ஒரு யூனிட், வந்து இறங்கிய விலை 5,500. மண்புழு உரம் 100 கிலோ 1,800. வேப்பம் புண்ணாக்கு 20 கிலோ 1,000. ஐந்து கிலோ தேங்காய் நார்த்தூள் கட்டி 10-க்கு 1,800. செடிகள் 6,400. செடி ஏற்றிவர குட்டி யானை வண்டி வாடகை 1,200. நட்டுத் தர 2 பேருக்கு 2 நாள் கூலி 3,600. பன்னிரண்டு அங்குலத் தொட்டி 15-க்கு 2,700. ஆக மொத்தம் 25,800.

ஜி.எஸ்.டி. பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். உயிருள்ள செடிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. லேண்ட்ஸ்கேப் வேலைக்கு 18 சதவீதம் உண்டு. ஆனால் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் அதை வசூலிக்க முடியாது. ஆண்டுக்கு 20 லட்ச ரூபாய்க்குள் வரவு உள்ள சேவைக்காரர்கள் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. ஆகவே பில்லில் வரி போட்டிருந்தால் 15 இலக்கப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று இலவசமாகவே பார்க்கலாம். எனக்கு வந்த முதல் பில்லில் வரி இருந்தது, எண் இல்லை. நான் கேட்கவில்லை.

6. மண் இறங்கும் நாளில் லீவு போடுங்கள்

பணம் அதிகம் கரையும் இடம் இதுதான். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. 200 சதுர அடியில் அரை அடி ஆழத்துக்கு மண் நிரப்ப, 200-ஐ அரையால் பெருக்கினால் 100 கன அடி, சரியாக ஒரு யூனிட். மண் பிறகு அமுங்கும் என்பதால் ஒன்றேகால் வரை போகலாம். எனக்கு முதல்முறை மூன்று யூனிட்டுக்குப் பில் போட்டார்கள். மூன்று யூனிட் உண்மையாகவே வந்திருந்தால் மண் என் வாசல்படிக்கு மேல் ஏறியிருக்கும். அந்தக் கணக்கை அன்றைக்கே போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

வண்டி வந்ததும் இறக்கும் முன்பே மேலே ஏறி, மேல்மண்ணை விலக்கிக் கீழிருந்து ஒரு பிடி எடுங்கள். செங்கல் துண்டு, காரைக்கட்டி, பிளாஸ்டிக் இருந்தால் அது இடித்த கட்டடத்தின் குப்பை. கட்டடக்காரர்கள் பள்ளம் நிரப்பப் பயன்படுத்தும் சவுடு மண்ணைச் செம்மண் என்று கொண்டுவருவதும் உண்டு. கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து பாருங்கள். செம்மண் உருண்டையாகப் பிடிபடும், கையில் சிவப்பாக ஒட்டும். சவுடு பொலபொலவென்று உதிரும், நிறம் பழுப்பாக மங்கியிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் லோடு வருகிறது என்றால் மறுநாள் காலையில் வரச் சொல்லுங்கள், டார்ச் வெளிச்சத்தில் எல்லா மண்ணும் சிவப்பாகத்தான் தெரியும்.

ஏற்கெனவே இருக்கும் தரையையும் தோண்டிப் பார்க்க வேண்டும். வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்ட் கட்டிகளும் ஜல்லியும் அடியில் புதைந்திருக்கும். எங்கள் வாசலில் இரண்டு அங்குலம் மண்ணுக்குக் கீழே முழுக்க இடிபாடு. அதை அள்ளாமலே மேலே மண் தூவிப் புல் பதித்துவிட்டார்கள், வேர் இறங்க வழியே இல்லை. கடப்பாரையால் ஒன்றரை அடி குத்திப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும். அள்ளிய இடிபாட்டைத் தெருவிலோ கால்வாயிலோ கொட்ட விடாதீர்கள், பிரச்சினை உங்கள் பெயரில்தான் வரும். எங்கே கொடுப்பது என்று மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள்.

7. செடியை நீங்களே போய் வாங்குங்கள்

தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் பணம் நீங்கள் கொடுங்கள். அவருக்கு அன்றைய கூலியைத் தனியாகக் கொடுத்துவிட்டால், நர்சரியில் கமிஷன் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருக்காது.

உப்புத் தண்ணீருக்கு எங்கள் வீட்டில் நின்றவை: அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, டேபிள் ரோஜா, கற்றாழை. மரமாக வைக்க இடம் இருந்தால் பூவரசு, புங்கை, சப்போட்டா, தென்னை. அரளி விஷம், சின்னக் குழந்தையோ ஆடோ இருக்கும் வீட்டில் தவிர்த்துவிடுங்கள். நிற்காதவை: ரோஜா, எலுமிச்சை, அவரை, பீன்ஸ். மல்லிகை வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். அதை மட்டும் தனித் தொட்டியில் வைத்து, மெட்ரோ தண்ணீரிலேயே வளர்க்கிறோம். சித்திரையில் ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி மொட்டு வருகிறது.

கடற்கரைக்கு மிக அருகில், காசிமேடு, எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பவர்களுக்குக் காற்றிலேயே உப்பு வரும். மணலிப் பக்கம் இலையில் தூசி படியும். இரண்டு இடத்திலும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவ வேண்டும். இந்த வேலையைத் தோட்டக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாங்கும் முன் பையின் அடியைப் பாருங்கள். வேர் வெளியே வந்து தரையில் ஊன்றியிருந்தால், தூக்கும்போது அறுந்து செடி வாடும். ஒரு செடி எவ்வளவு பெரிதாகும் என்று தெரியாவிட்டால், மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பூங்காவுக்கு ஒரு நடை போய் வாருங்கள், வளர்ந்த அளவைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

8. மொட்டை மாடி என்றால்

மாடிக்குச் செம்மண்ணை ஏற்ற வேண்டாம். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் மண்ணை மட்டும் நிரப்பி நனைத்தால் 25 கிலோ வரை வரும். நார்த்தூளும் மண்புழு உரமும் பாதிக்கு மேல் கலந்தால் கிட்டத்தட்ட பாதி எடைதான். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்று கணக்கு வைத்துத்தான் கட்டுவார்கள். பழைய வீடு என்றால் அதையும் நம்ப முடியாது. தொட்டிகளை நடுத்தளத்தில் குவிக்காமல், கீழே சுவர் ஓடும் இடங்களுக்கு நேர் மேலே வரிசையாக வையுங்கள். தொட்டிக்கு அடியில் தாங்கி வைத்து, தளத்தில் படாமல் தூக்கி வைத்தால் தளத்தில் பதித்த ஓடு ஊறாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வரியாவது எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தி கூடப் போதும். பிறகு தளம் ஒழுகினால் அட்வான்ஸில் கழித்துவிடுவார்கள்.

காய்கறிக்கு என்றால் தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை (பை, விதை, நார்த்தூள் எல்லாம் அடங்கிய தொகுப்பு) இருக்கிறதா என்று விசாரியுங்கள். 2021-இல் 900 ரூபாய்த் தளையை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மானியமும் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

9. காகிதமும் பணமும்

பத்திரத்தாள் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். அதில் என்ன வேலை, எந்தத் தேதிக்குள், பிரித்த தொகை, பணம் கொடுக்கும் தவணை, பட்டுப்போன செடியை எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார் என்பவை இருக்க வேண்டும். நான் 45 நாள் என்று எழுதினேன். புதிதாக நட்ட செடி முதல் இரண்டு வாரம் எப்படியும் பச்சையாகத்தான் நிற்கும், பிரச்சினை அதற்குப் பிறகுதான் தெரியவரும். 15 நாள் கெடுவுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: தொடங்கும்போது 20 சதவீதம், மண் இறங்கிச் சரிபார்த்த பிறகு 30, நட்டு முடித்ததும் 30, மீதி 20 அந்த 45 நாள் கழித்து. "பொருள் வாங்கக் காசு இல்லை" என்றால் பொருளுக்கான பணத்தை நேராகக் கடைக்குச் செலுத்துங்கள். யு.பி.ஐ.-யில் அனுப்பும்போது குறிப்பில் எதற்கு என்று எழுதுங்கள். தினக்கூலிக்கு வருபவரிடம் மட்டும் தவணை பேசாதீர்கள், அன்றைய கூலியை அன்று மாலையே கொடுங்கள். அவர் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் இருக்கும்.

அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்கலாம். முதல் எட்டு இலக்கம் மறைத்த நகலே போதும், முழு எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது அவருக்கும் நல்லதல்ல.

10. மாதப் பராமரிப்பு

இங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு மாதம் இரண்டு தடவை, அரை நாள் வீதம், ஒரு தடவைக்கு 700 ரூபாய். உரத்துக்கு இன்னொரு 300. மாதம் 1,700-க்குள் முடிகிறது. இதே வேலைக்கு நிறுவனங்கள் 3,000 முதல் 4,500 வரை கேட்டார்கள்.

வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று பட்டியல் கொடுத்துவிடுங்கள்: களை எடுத்தல், மண்ணைக் கொத்திவிடுதல், காய்ந்த கிளை கவாத்து, உரம், பூச்சி பார்த்தல், இலை கழுவுதல். இல்லையென்றால் தண்ணீர் மட்டும் பீய்ச்சிவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீர் ஊற்றுவது வீட்டில் இருப்பவர் வேலை, அதற்குக் கூலி கொடுக்க வேண்டாம்.

லேபிள் இல்லாத பாட்டிலில் மருந்து கொண்டுவந்தால் அடிக்க விடாதீர்கள். பூச்சிக்கொல்லி டப்பாவில் ஒரு வண்ண அடையாளம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், பச்சை குறைந்தது. வீட்டுச் செடியில் வரும் மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடித்தாலே போதும். தேங்காய் பறிக்க, மட்டை கழிக்க வேறு ஆள். மரத்துக்கு 200 முதல் 300 ரூபாய் கேட்கிறார்கள். கயிறு, இடுப்புப் பட்டை இல்லாமல் ஏறுபவரை ஏற விடாதீர்கள், கூட 100 ரூபாய் போனாலும் பரவாயில்லை.

வெட்டிய கிளை, இலைகளை எரிக்கக் கூடாது, தெருவில் போடவும் கூடாது. தோட்டக் குப்பையைத் தனியாக வைத்து மாநகராட்சி ஆட்களிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. மதிலுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரத்தின் மீது உங்கள் தோட்டக்காரர் கை வைக்கக் கூடாது, அது தெருவுக்குச் சொந்தம். கிளை ஆபத்தாக இருந்தால் 1913-இல் புகார் கொடுங்கள். வயரில் உரசினால் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. நடைபாதையில் பாத்தி கட்டவும் வேண்டாம், மழைநீர் வடிகால் வேலை வந்தால் முதலில் போவது அதுதான்.

11. எந்த மாதத்தில் தொடங்குவது

ஆள் தேடல், தண்ணீர்ச் சோதனை, மதிப்பீடு வாங்குதல் மூன்றையும் வைகாசி, ஆனியில் முடித்துவிடுங்கள். மண்ணை ஆனிக் கடைசியில் இறக்கி, ஆடியில் நடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் வேர் பிடித்துவிடும். அந்த மழையே மண்ணில் தங்கிய உப்பையும் கழுவிக்கொண்டு போகும். அக்னி நட்சத்திரத்தில், அதாவது மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் மூன்று, நான்கு வாரங்களில், யார் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நடாதீர்கள். எனக்கு முதல் தோட்டம் போட்டது ஏப்ரல் கடைசியில்.

செப்டம்பரில் தோட்டக்காரருக்கு ஒரு முழு நாள் வேலை இருக்கும். உயரமான கிளைகளைக் கழிக்க வேண்டும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் எத்தனை மரம் சாய்ந்தது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காகிதப்பூக் கொடியை மதில் கம்பியோடு கட்ட வேண்டும். தொட்டிகளின் அடித்துளையைக் குச்சியால் குத்தி அடைப்பை எடுக்க வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் இருக்கும் தொட்டிகளைக் கீழே இறக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை எல்லாம் எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். அதில் ஒரு வாரம் தண்ணீர் நின்றால் டெங்குக் கொசு வந்துவிடும், மாநகராட்சி ஆய்வாளர் பார்த்தால் அபராதமும் வரும். தட்டுகளைத் திரும்ப வைப்பது பொங்கல் கழிந்த பிறகுதான்.